பத்தாவது பேர்

4-11-79, ஞாயிறு. விடாத மழை.

இரும்புக் கடை இன்று இல்லை. காலை ஆறிலிருந்து எட்டரை வரை எழுத்து. நான்கு பக்கம். தகரக் கூரையில் மழைச் சத்தம், பழைய கொதிகலனுக்குள் உட்கார்ந்திருப்பது போல. அடுத்த அத்தியாயத்துக்கு ஆகும்.

பத்திரிகை வந்தது. ஒன்பதாவது வாரம். விண்கப்பல் என்று எழுதிக் கொடுத்தால், ஓவியர் பினாங்குத் துறைமுகத்துக் கப்பலை வரைந்து அடியில் நெருப்பு வைத்துவிட்டார். நங்கூரம்கூட இருக்கிறது. ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். (பிறகு: வேண்டாம். பார்க்கப் பார்க்க அதுதான் சரி.)

என் வீட்டுக்காரி கமலம் அடுப்படியில் நின்றபடியே படித்தாள். என் தொடரில் அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், இந்த வாரம் யார் போகிறார் என்பது.

"காளியப்பன் போய்ட்டானா? நல்ல மனுஷன் லா அவன். அடுத்து யாரு?"

அஞ்சலை என்றேன்.

"பொம்பளையவுமா?"

பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். பட்டியலாம் பட்டியல் என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

முடிவு நெருங்குவதால் எனக்காக ஒரு குறிப்பு. தொடர்: 'விண்வெளிப் பெரட்டு'. தூரத்துக் கிரகத்தில் ஒரு தோட்டம். பன்னிரண்டு பேர் உள்ள ஒரு கேங். விடியுமுன் மணி. எல்லாரும் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசை. கணக்கெழுதும் கிராணி ஓர் இயந்திரம்; செக்ரோல் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடும். கூப்பிட்ட பேர்களில் தினம் ஒன்றின் மேல் கோடு போடும். அந்த ஆள் கப்பலை நோக்கி நடப்பான். மறுநாள் அவனை ஒருவருக்கும் ஞாபகமிருக்காது. தொடரில் வாரம் ஒரு பேர்.

போனவர் 9. மீதி 3: அஞ்சலை, மாரிமுத்து, பெரியநாயகி. முடிவு? இன்னும் கையில் இல்லை. சரக்கு வருமுன் விற்றுவிட்டேன். வியாபாரத்தில் இதைச் செய்ததே இல்லை.

6-11, செவ்வாய். காலை வெயில். மூன்று மணிக்கு மழை.

கமுந்திங் வாசகர் ஒருவர் கடிதம், என் புனைபெயருக்கு. "இரும்பன் அவர்களுக்கு, உங்களுக்குக் கற்பனை எங்கிருந்து ஊற்றெடுக்கிறது?" ஊற்றாம். பதில் எழுதினேன். நகல்:

1. அழுத்தமானி ஒன்று. கண்ணாடி உடைந்தது. கொதிகலனோடு தொடர்பே இல்லை, மேசை மேல் கிடக்கிறது. ஆனாலும் முள் சில நாள் நடுங்கும்.

2. ஈயம் தோண்டும் கப்பல். ஈப்போவைச் சுற்றி எத்தனையோ. குளத்துக்கு நடுவில் நிற்கும். கடலையே பார்த்திராத கப்பல்.

3. பழைய ரேடியோ. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வரும் இரைச்சல்.

4. தோட்டம். சுங்கை சிப்புட் பக்கம் பிறந்து, பதினைந்து வயது வரை வேலிக்கு அந்தப் பக்கம் தெரியாமல் வளர்ந்தவன் நான். வேறு கிரகம் எப்படியிருக்கும் என்று யோசிக்க ராக்கெட் வேண்டியதில்லை.

அவருக்கு எழுதாதது: பேர்கள். போன வருஷம் ஆயர் தாவார் பக்கத்து ஏழாங்கட்டைத் தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியபோது பழைய இரும்பு முழுதையும் நான்தான் எடுத்தேன். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின்கள், கொதிகலன், பெரட்டு மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு, பூட்டிய இரும்பு அலமாரி ஒன்று. சாவி இல்லை. எடைக்குத்தானே, சாவி எதற்கு. கடையில் வெட்டித் திறந்தால் உள்ளே செக்ரோல் புத்தகங்கள். நல்ல தடித்த தாள். பாதி வெற்றுத் தாள். அதில்தான் தொடரை எழுதுகிறேன். எழுதியிருந்த பாதியில், எழுபதாம் வருஷத்துப் புத்தகத்தில், மூன்றாவது கேங். பன்னிரண்டு பேர். உட்கார்ந்து பேர் யோசிப்பானேன்? வரிசையாக அப்படியே எடுத்துக்கொண்டேன்.

தண்டவாளத் துண்டைக் கேட்டு இன்றும் ஒருவர் வந்தார். கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

7-11, புதன். மந்தாரம். மழை இல்லை.

பத்து மணிக்கு ஓர் ஆள். இருபத்தைந்து வயதிருக்கும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறானாம். பேர் தங்கையா. ஊர் ஆயர் தாவார். எதுவும் வாங்க வரவில்லை. கொதிகலன் பக்கத்திலேயே நின்றான், போய்விடுவானோ என்றிருந்தது.

இரும்பன் நீங்கள்தானா என்று கேட்டான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன்.

"பேருக்குக் கீழ ஈப்போன்னு போட்டிருக்கு. ஈப்போவுல இரும்புக் கடை வச்சிருக்கிற தமிழாளு எத்தன பேருண்ணே? நீங்க மூணாவது கடை."

கெட்டிக்காரன். உட்காரச் சொல்லிக் கோப்பி வரவழைத்தேன். குடிக்கவில்லை.

அவன் சொன்னது, சுருக்கமாக: அவன் அம்மாவின் பேர் அஞ்சலை. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் மூன்றாவது கேங். காளியப்பன் அவன் அப்பா. அம்மாவுக்குப் படிப்பு இல்லை. ஞாயிறுதோறும் மருமகள் தொடரைப் படித்துக் காட்டுகிறாள். முதல் வாரம் வீராசாமி என்றதும் அம்மா சிரித்தாளாம், நம்ம வீராசாமி என்று. இரண்டாம் வாரமும் சிரித்தாள். மூன்றாம் வாரம் அடுத்த பேர் யார் என்று மருமகள் படிக்குமுன்பே சொன்னாள். அதிலிருந்து சிரிப்பு இல்லை.

இப்போது காலை ஐந்துக்கெல்லாம் எழுந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போட்டிருந்த பழைய சட்டையை மாட்டி, தலைத்துணி கட்டி, வாசலில் நிற்கிறாள். சோறு பாதி. கிளினிக்கில் ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள்.

"என் பேரு வரப் போவுது, என் பேரு வரப் போவுதுன்னு அதே பேச்சுண்ணே. இந்த ஞாயிறு கப்பல் ஏறிடும்னு எனக்குப் பயமா இருக்கு. அம்மா பேர மட்டும் எடுத்துடுங்க."

கதை என்றேன். கதைதான் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்குத் தெரியவில்லையே என்றான். நியாயம்.

போகும்போது படியில் நின்று ஒன்று கேட்டான். வீராசாமி தன் தூக்குச்சட்டியை மரத்தில் மாட்டியபடியே விட்டுப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? அது மரம் வெட்டும் வரை அங்கேயே தொங்கியதாம். அப்பா, பேரைக் கூப்பிட்டு முடிக்குமுன்பே "வந்தேங்க" என்பாராம், கேங்கே சிரிக்குமாம். அதையும் எழுதியிருக்கிறீர்களே, யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. நான் சும்மா எழுதியது.

8-11, வியாழன். காற்று.

காலையில் எழுத்து ஓடவில்லை. எழுபதாம் வருஷப் புத்தகத்தை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம். பேர், தேதி, வந்தால் குறுக்குக் கோடு, வராவிட்டால் வட்டம், வெட்டிய பாலின் எடை. அவ்வளவுதான். தூக்குச்சட்டி எங்கும் இல்லை. ஒரு தேதிக்கு மேல் பதினொரு பேருக்குக் கட்டம் காலி. அஞ்சலைக்கு மட்டும் கோடுகள் தொடர்ந்து போகின்றன, தனி வரியாக, பக்கக் கடைசி வரை.

என் சமாதானம்: தோட்டத்துக்குத் தோட்டம் வாழ்க்கை ஒன்றுதான். எவன் போனாலும் ஏதாவது ஒரு சட்டி எங்காவது தொங்கும். நூறு எழுதினால் இரண்டு ஒத்துப்போகும். வியாபாரத்திலும் அப்படித்தான். எழுதி வைக்கிறேன், நம்புவதற்கு வசதியாக.

பதினொரு மணிக்குக் கோலாலம்பூருக்குப் போன். ஆசிரியர் எரிச்சல். பக்கம் கோத்தாகிவிட்டது, அஞ்சலை என்ற பேர் பதினான்கு இடத்தில் வருகிறது, அச்சுக்கோப்பவர் என்னைத் திட்டுவார் என்றார். திட்டட்டும் என்றேன். சரி, வேறு என்ன பேர் போடுவது?

அங்கேதான் தடுமாற்றம். புத்தகத்திலிருந்து எந்தப் பேரை எடுத்தாலும் அது ஓர் ஆள். எங்கோ ஒரு மகன், ஒரு லோரி. சொந்தமாகப் பேர் வைத்தது இந்தத் தொடரிலேயே இல்லை. போனில் மூச்சுச் சத்தம், காசு ஏறுகிறது. வாயில் வந்ததைச் சொன்னேன்: செங்கண்ணு.

"பொம்பளைக்கா?"

ஆணாக மாற்றிவிடுங்கள் என்றேன். அப்படிப் பேருள்ள யாரையும் எனக்குத் தெரியாது. கமலத்துக்கும் தெரியாது, கேட்டுவிட்டேன்.

நல்ல காரியம் செய்த திருப்தி. மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

11-11, ஞாயிறு. தூறல்.

வந்துவிட்டது. பதினான்கு இடத்திலும் செங்கண்ணு. ஓர் இடத்தில் "செங்கண்ணு தன் கூந்தலை முடிந்துகொண்டான்" என்று கிடக்கிறது. கமலத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

காலை ஏழு முதல் பத்து வரை அடுத்த அத்தியாயம். செங்கண்ணு எதிர்பாராமல் கிடைத்த ஆள், போக விட மனமில்லை. கப்பல் வாசலிலிருந்து அவன் திரும்பி நடக்கிறான். இயந்திரம் கூப்பிட்டது பிழை; பட்டியலில் இல்லாதவனை அதனால் மறுபடி கூப்பிட முடியாது. கூப்பிட முடியாதவனை அனுப்பவும் முடியாது. இதுதான் முடிவுக்கு வழி. அடையாளம் ஒன்று வேண்டுமே என்று அவனுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை என்று வைத்தேன். ஷீட் மெஷினில் போனது. அந்த மெஷின் கடையில்தான் நிற்கிறது. எழுதிவிட்டுப் போய் உருளையைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சி.

தாள்கள் மேசை இழுப்பறையில். பூட்டியாயிற்று. புதன் தபால்.

12-11, திங்கள். வெயில்.

நான்கு மணிக்குத் தங்கையா போன், மளிகைக் கடையிலிருந்து. குரல் சரியில்லை. நேற்று மருமகள் படித்துக் காட்டியதும் அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாளாம். ராத்திரி சோறு இல்லை, இன்று தண்ணீரும் இல்லை. வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறாளாம்.

பேரைத்தான் எடுத்துவிட்டேனே என்றேன்.

"அதான்ணே எனக்கும் புரியல. நீங்க ஒருவாட்டி வாங்கண்ணே. உங்களத்தான் கேக்குது."

போக வேண்டும். கமலம் சொன்னாள், அந்தப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள், வீட்டில் வேண்டாம்.

13-11, செவ்வாய். (ஆயர் தாவார். திரும்பிவந்து எழுதுவது.)

ஆறரைக்கு என் லோரியில் போய்ச் சேர்ந்தேன். அப்போதுதான் வெளுக்கிறது. பலகை வீடு. முற்றம் முடிகிற இடத்தில் செம்பனை; அதுதான் பழைய ஏழாங்கட்டைத் தோட்டம். முன்பு ரப்பர் இருந்ததற்கு ஒரு கட்டைகூட அடையாளம் இல்லை.

வாசலில் நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழுக்கைக் காக்கிச் சட்டை, கைலி, தலைத்துணி. காலடியில் வாளி. நோயாளி மாதிரி இல்லை. வேலைக்கு நேரமான ஆள் மாதிரி.

"நீங்கதான் பேரு எழுதுறவரா?"

ஆமாம் என்றேன்.

"என்னைய ஏன்யா தாண்டினீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தங்கையா குறுக்கே வந்து, நான்தான் சொன்னேன் அம்மா என்றான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

பிறகு அவள் சொல்லி நான் கேட்டது. வேலைப் பெர்மிட் கெடுபிடி வந்த வருஷம். குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு இனி வேலை இல்லை என்று ஒரு நாள் பெரட்டில் வைத்தே சொன்னார்கள். கிராணி பேர் கூப்பிடுவான், கூப்பிட்டவர்கள் இந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும். மூன்றாவது கேங்கில் பதினொரு பேர் சிவப்பு. அவளுக்கு மட்டும் நீலம், அவள் பிறந்த பத்திரத்தை அவள் அப்பா பத்திரமாக வைத்திருந்ததால். அது அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. அட்டையெல்லாம் ஆபீசில் இருந்தது. ஒன்பதாவது காளியப்பன். பேர் முடியுமுன்பே வந்தேங்க என்றார், அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"ஒம்போது முடிஞ்சிது. அடுத்து நாந்தான்னு ஒரு கால முன்னால வச்சிட்டேன். அவன் பதினொண்ணாவதப் படிச்சிட்டான்யா."

வைத்த காலை எப்படி எடுத்தாள் என்று ஞாபகமில்லையாம். பதினொரு பேரும் பினாங்கில் கப்பலேறினார்கள். பாதிப் பேர் இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள், இங்கேயே பிறந்தவர்கள். காளியப்பனிடமிருந்து ஒரு கடிதம் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல யாரும் இல்லை. இவள் மறுநாள் காலை வாளியோடு தனியாகத் தன் நிரை மரங்களுக்குப் போய்ப் பால் வெட்டினாள். அந்தத் தனி வரிக் கோடுகள்.

ஆக, ஒன்பது வாரமாக அவள் பயந்துகொண்டிருக்கவில்லை. தயாராகிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு யார் தப்பு செய்தாலும் நான் செய்திருக்கக் கூடாது. பெரட்டில் பேர் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாமல் விட்டால்தான் பயம். பேர் கூப்பிடாத காலைகளில் என் அம்மா வெறும் வாளியோடு லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்து வளர்ந்தவன். இரும்பும் எழுத்துமாக அதை எங்கோ போட்டுவிட்டேன். காப்பாற்றுகிறேன் என்று அவளை இரண்டாம் தடவை களத்தில் நிறுத்திவிட்டேன்.

லோரியிலிருந்து செக்ரோலை எடுத்து வந்தேன். முற்றத்தில் அவளுக்கு எதிரே நின்றேன். கிராணி எப்படி நிற்பான் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. தங்கையாவும் மருமகளும் கதவுக்குள்.

வீராசாமி என்று படித்தேன். அவள் அசையவில்லை. ஒரு பதில் வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் விட்டுத் தலையை ஆட்டினாள், அடுத்தது என்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒரே மாதிரி இல்லை. ஐந்தாவதற்கு ரொம்ப நேரம், தூரத்திலிருந்து யாரோ ஓடி வருவது போல. அவள் பார்வை என் தோளுக்குப் பின்னால், செம்பனைப் பக்கம். நான் திரும்பவில்லை. எழுதுகிறபோது திரும்பியிருக்கலாம் என்று தோன்றுகிறது, அங்கே தோன்றவில்லை.

ஒன்பதாவது. நான் வாயைத் திறக்குமுன்பே தலையை ஆட்டிவிட்டாள்.

அஞ்சலை.

"வந்தேங்க."

சின்னக் குரல், சிறுபிள்ளை போல. ஒரு காலை முன்னால் வைத்தாள். இந்தத் தடவை எடுக்கவில்லை. மீதி இரண்டையும் படித்து முடித்தேன். புத்தகத்தை மூடினேன்.

பிறகு கஞ்சி குடித்தாள், இரண்டு கிண்ணம். கிளம்பும்போது லோரி வரை வந்தாள்.

"கப்பல் எப்பய்யா?"

சரக்கு எப்போது வரும் என்று கேட்டு எவனும் என்னிடம் பதிலில்லாமல் போனதில்லை. புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

14-11, புதன்.

தபாலுக்குப் போகவில்லை. அத்தியாயம் இழுப்பறையிலேயே. கொதிகலனுக்கு ஆள் வந்தது, பேச மனமில்லை, நாளை வரச் சொன்னேன். அழுத்தமானி முள் நாள் முழுதும் அசையவே இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

16-11, வெள்ளி. விடியுமுன் மழை, பிறகு தெளிவு.

எட்டு மணிக்குத் தங்கையா போன். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிறாள். காலையில் வாசலில் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

"ஆனா தனியா நிக்கிற மாதிரி இல்லண்ணே. இடம் விட்டு நிக்குது. வரிசையில நிக்கிற மாதிரி."

நல்லது என்றேன். அவன் போனை வைக்கவில்லை. அம்மா ஒன்று கேட்கச் சொன்னாளாம், கேட்க வெட்கமாக இருக்கிறதாம்.

"கேங்குல ஒரு ஆளு கூட நிக்குதாம். புது ஆளு. பின்னால நிக்கிறானாம், கையில கத்தி இல்ல, வாளி இல்ல. அவனுக்கு எந்த நிரைன்னு கேக்குது."

செங்கண்ணுதான். மருமகள் படித்துக் காட்டியிருக்கிறாள், மனதில் தங்கிவிட்டான். பதின்மூன்றாவது நிரையைக் கொடுக்கச் சொல் என்றேன், விளையாட்டாக.

"சரிண்ணே. இன்னொண்ணு. அவனுக்கு எடது கையில ரெண்டு வெரல் இல்லியாம். கத்தி பிடிக்க வருமான்னு கேக்குது."

போனை வைத்த பிறகு இழுப்பறையைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடி. சாவி என் அரைஞாணில்தான் எப்போதும். தாள்கள் வைத்தது வைத்தபடி. நான்காம் பக்கம், பதினோராவது வரி: இடது கையில் இரண்டு விரல் இல்லை. கமலம் பார்க்கவில்லை. தபாலில் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கடை திறக்கவில்லை.

நாளை ஆயர் தாவார் லோரிக்கு:

தண்டவாளத் துண்டு ஒன்று. தொங்கவிடக் கம்பி.
வாளி இரண்டு.
பால் கத்தி ஒன்று. மூன்று விரலுக்கு ஏற்றபடி பிடி மெலிதாக இருக்க வேண்டும்.